தேர்வுக் குழுவில் நான் சொன்ன பொய்

அந்த ஆல்பத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். நான்கு பேர் முன்னால், குரல் தடுமாறாமல் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தால், எழுபதை நெருங்கும் ஒரு குத்துச்சண்டை வீரர் இந்தத் திருநெல்வேலியில் பொய்யர் என்று பெயர் வாங்கினார். பொய் சொன்னவன் நான்.

இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. எழுதுனா முழுசா எழுதுங்க" என்றார். பெயரை மட்டும் போடக்கூடாது. "பலகையில ஏறாத பேரு பத்திரிகையில எதுக்கு?" ஆகவே அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணாச்சி சேரன்மகாதேவிப் பக்கத்து ஆள். மீசை முளைக்கும் முன்பே வண்ணாரப்பேட்டையில் உறவினர் ஒருவரின் மளிகைக் கடைக்கு அனுப்பப்பட்டவர். நம் ஊரிலிருந்து மெட்ராஸுக்குப் போன ஆயிரக்கணக்கான பையன்களைப் போலப் பொட்டலம் மடித்து, மூட்டை தூக்கி, கடைக்குள்ளேயே படுத்து எழுந்தவர். வடசென்னையில் அப்போது குத்துச்சண்டை தெருவுக்குத் தெரு இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று 2021-ல் படம் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் அங்கே வீட்டுப் பேச்சு. அண்ணாச்சி எந்தப் பரம்பரையிலும் பிறக்கவில்லை. விடியற்காலை வாத்தியார் ஒருவரிடம் போய் நின்றார். கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். அப்படிப் பழகி, தமிழ்நாட்டு அணியில் இடம் பிடித்து, தேசியப் போட்டியில் லைட் வெயிட் பிரிவில் மூன்றாவதாக வந்தார்.

இதெல்லாம் அவர் சொல்லக் கேட்டது மட்டும் அல்ல. என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆல்பத்தில் இருந்தது.

கறுப்பு அட்டைப் பக்கங்கள், இடையில் வெண்ணெய்த் தாள். முதல் பக்கத்தில் சான்றிதழ். நாலாக மடித்து வைத்திருந்ததால் மடிப்பில் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகைத் துணுக்கு. அவர் பெயரில் ஒரு எழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. நீல மையில் அவரே திருத்தியிருந்தார். அணியின் குழுப்படம். கடைசிப் பக்கத்தில் ஒரு நுழைவுச் சீட்டு. 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி நடந்தது. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். மூட்டை தூக்கிய கூலியில் அண்ணாச்சி அந்தச் சீட்டை வாங்கினார்.

பிறகு ஊர் திரும்பிவிட்டார். பேட்டையில் கடை வைத்தார், அது நொடித்தது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல். காலையில் ஆற்றங்கரைத் தோப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். உரச்சாக்கில் மரத்தூளும் கந்தலும் திணித்துப் புளியங்கிளையில் தொங்கவிட்டதுதான் பஞ்சிங் பேக். காசு வாங்குவதில்லை.

இனி என்னைப் பற்றி. நான் ஒரு நாளும் ரிங்கில் ஏறியவன் அல்ல. படித்தவன், எழுதுகிறவன். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் கானஸ்டோட்டா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வெங்காயம் விளையும் ஊர். அந்த ஊரின் கார்மென் பாசிலியோ உலகப் பட்டம் வென்றார். பின்னால் அவருடைய உறவுக்காரப் பையன் பில்லி பேக்கஸும் வென்றார். இருவருக்கும் மரியாதை செய்யக் கிளம்பிய ஊரார் 1989-ல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ்மன்றத்தைத் திறந்தார்கள். 1990-ல் முதல் தொகுதி வீரர்கள் சேர்க்கப்பட்டார்கள். அலி அதில் ஒருவர். ஒவ்வொரு டிசம்பரிலும் புதுப் பெயர்கள் அறிவிக்கப்படும். ஓட்டுப் போடுகிறவர்கள் குத்துச்சண்டை எழுத்தாளர்களும் வரலாற்றாசிரியர்களும். எழுதுகிறவன் கையில் ஓட்டு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய போதை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு எதிர்ப்புறம் டீ குடித்துக்கொண்டு, எனக்கு இல்லாத ஓட்டை ஒவ்வொரு டிசம்பரிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆர்ட்டுரோ கட்டி 2013-ல் சேர்க்கப்பட்டபோது பெரிய சண்டை. மிக்கி வார்டுடன் 2002, 2003-ல் அவர் போட்ட மூன்று சண்டைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் டி லா ஹோயாவிடம் தோற்றார், மேவெதரிடம் தோற்றார். ரத்தம் சிந்தினால் போதுமா, சாதனை வேண்டாமா என்று கேட்டவர்களின் பக்கம் நான் நின்றேன். அதே வாயால் சாம் லாங்ஃபோர்டுக்காக உருகினேன். கறுப்பர் என்பதாலும், மோத மற்றவர்கள் பயந்ததாலும் அவருக்கு ஹெவிவெயிட் உலகப் பட்டச் சண்டை கடைசிவரை கிடைக்கவில்லை. கண் பார்வை போய், கையில் காசில்லாமல் ஹார்லெமில் ஒரு அறையில் கிடந்தவரை 1944-ல் ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் தேடிப்பிடித்து எழுதினார். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். லாங்ஃபோர்டின் கடைசிக் காலம் அதில் ஓடியது. அந்தக் கதையை நான் எழுதியிருக்கிறேன், மேடையில் பேசியிருக்கிறேன். பேசும்போது என்னை ஆல் லேனியின் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் 2023 மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவரைப் பற்றி எழுத ஆல்பம் வேண்டும் என்றேன். அவர் மனைவிக்கு இஷ்டமில்லை. "ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாப் போதாதா?" என்று கேட்டார். அண்ணாச்சி அவரை அடக்கினார். "தம்பி எழுதுதவரு. அவருக்குத் தெரியாதா?" மஞ்சள் பையில் போட்டு, பையின் வாயைச் சுருட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

பொங்கல் மலருக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். கையில் போன் இருந்தது. ஒரு பக்கத்தைக்கூடப் படமெடுக்கவில்லை. மேசைக்கு அடியில், தரைத் தட்டில் பை கிடந்தது.

2023 டிசம்பர் 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தென் மாவட்டங்களை முங்கடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது எங்களுக்குப் புதிதல்ல. இந்த முறை கொக்கிரகுளமும் ஜங்ஷன் பஸ் நிலையமும்கூட முங்கின. என் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றை ஒட்டி. தண்ணீர் தெருவுக்குள் வருமுன்பே அறிவிப்பு வந்துவிட்டது. சாமான்களை மாடிக்கு ஏற்ற நேரம் இருந்தது.

இந்த இடத்தை நான் மறைக்கக் கூடாது. நேரம் இருந்தது. முதலில் டிவியை ஏற்றினேன். பிறகு என் புத்தகங்கள். பிறகு வருஷக்கணக்கில் சேர்த்த 'தி ரிங்' இதழ்கள். பிறகு என் கட்டுரைகள் வந்த பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கட்டோடு படியேறும்போது மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. வந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் அதுவும் பொய். இதை வைத்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேலே போனதும் கட்டு அவிழ்ந்தது, அடுக்கத் தொடங்கினேன். என் பெயர் போட்ட பக்கங்களை வரிசையாக அடுக்கினேன். கீழே கரண்ட் போனது. பாதிப் படி இறங்கியபோது கீழே இடுப்பளவு தண்ணீர். அதற்கு மேல் நான் இறங்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் சேற்றிலிருந்து பையை எடுத்தேன். கறுப்பு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. பிரித்தபோது சான்றிதழ் அட்டையோடு கூழாக வந்தது. குழுப்படத்தில் முகங்கள் கரைந்துபோயிருந்தன. நீல மையில் திருத்திய எழுத்து மட்டும் ஒரு நீலக் கறையாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் அண்ணாச்சி போன் பண்ணினார். முதலில் என் வீட்டைப் பற்றி விசாரித்தார், பிறகு தயங்கிக் கேட்டார். "தம்பி, நம்ம ஆல்பம் பத்திரமா இருக்கா?" இருக்கு அண்ணாச்சி என்றேன். அவருடைய வருத்தத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதைவிட, என்னைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பு குறைவதைத் தாங்க முடியவில்லை.

2024-ல் ஊரில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தார் குத்துச்சண்டை வீரர்களுக்குக் கௌரவப் பலகை வைக்க முன்வந்தார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்து, மாநில அளவிலோ அதற்கு மேலோ சண்டை போட்டவர்களின் பெயர்கள். ஐந்து பேர் தேர்வுக் குழு. கானஸ்டோட்டாவைத் தெரிந்தவன் என்று என்னையும் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு விதி கொண்டுவந்தேன். எழுத்தில் ஆதாரம் இல்லாமல் எந்தப் பெயரும் ஏறக் கூடாது. நாட்டிலே நடந்ததையும் எடுத்துச் சொன்னேன். 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மனோஜ் குமாரை 2014-ல் அர்ஜுனா விருதுக் குழு ஒதுக்கியது. ஊக்கமருந்து வழக்கில் சிக்கியவர் என்று தப்பாக நினைத்தார்கள். ஒரு காகிதத்தைச் சரிபார்த்திருந்தால் அது நடந்திருக்காது. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போய்த்தான் விருது வாங்கினார். ஆகவே காகிதம் முக்கியம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த விதியை நானே முதலில் வளைத்தேன். ரிங் அமைக்கப் பணம் கொடுத்த ஒருவரின் பெயரும் பலகையில் வர வேண்டும் என்று பேச்சு வந்தது. 2011-ல் சில்வஸ்டர் ஸ்டாலோனையே கானஸ்டோட்டா சேர்த்திருக்கிறதே, சண்டை போடாதவரும் விளையாட்டை வளர்த்தால் வரலாம் என்று வாதம் எடுத்துக் கொடுத்தேன். அவரிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை.

அடுத்து அண்ணாச்சி பெயர் வந்தது. குழுவில் ஒருவர் சிறு வயதில் அண்ணாச்சியிடம் பழகியவர். "அவருகிட்ட கேட்டேன். சர்டிபிகேட் எல்லாம் ஒரு ஆல்பத்துல இருக்காம். ஆல்பம் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாரு" என்று என்னைப் பார்த்தார்.

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளத்தில் போய்விட்டது, ஆனால் நான் சான்றிதழைப் பார்த்தேன், தேசிய அளவில் மூன்றாமிடம், லைட் வெயிட் என்று சொல்லியிருந்தால் போதும். வெள்ளத்தில் என்னென்னவோ போன ஊர் இது. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர் அன்றே ஏறியிருக்கும். எனக்கு ஆகியிருக்கும் செலவு கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான்.

நான் சொன்னது இது: "வாங்கிப் பார்த்தேன். அப்பவே திருப்பிக் கொடுத்தாச்சு."

அதில் சான்றிதழ் இருந்ததா என்று கேட்டார். "சரியா ஞாபகம் இல்ல. போட்டோதான் நிறைய இருந்தது" என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைக் காப்பாற்ற யோசிக்கக்கூட இல்லாமல் வந்தது. பெயர் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு விடப்பட்டது. பலகை திறந்தார்கள். மேலே வீரர்களின் பெயர்கள், அதன்கீழ் கொடையாளர் பெயர், அடியில் தேர்வுக் குழு என்று எங்கள் ஐந்து பேரின் பெயர்கள். அண்ணாச்சியின் பெயர் இல்லாத பலகையில் என் பெயர் இருக்கிறது.

பலகையோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு எழுத மாட்டேன்.

மண்டபத்தில் மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் அண்ணாச்சிக்கு மூட்டு வலி வந்துவிட்டது. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. 58 வயது ஆகியிருக்க வேண்டும். தேசிய அளவில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததற்குச் சான்று வேண்டும். கை கால் ஓடுகிறவரை சர்க்கார் காசு எதற்கு என்று இருந்தவர், இப்போது மனுப் போட நினைத்தார். சான்றிதழ் இல்லை. மறுபடி வாங்கவும் வழியில்லை. அதைக் கொடுத்த இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைக் கூட்டமைப்பை 2012 டிசம்பரில் உலகக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது, 2014-ல் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. பிறகு ஒரு அமைப்பு வந்து போனது. 2016-ல் இப்போதுள்ள கூட்டமைப்பு வந்தது. எழுபதுகளில் ஒரு கடைப்பையன் வாங்கிய மூன்றாமிடத்துக்கு நகல் யாரிடம் போய்க் கேட்பது?

தோப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். "நேஷனல் ஆடுனேன்னு சும்மா சொல்லிட்டு இருந்திருக்காரு" என்ற பேச்சு பெற்றோர் காதுக்குப் போயிருந்தது. நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையை நிறுத்திவிட்டார்கள்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. நான் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன் என்பது அண்ணாச்சி காதுக்குப் போனது. அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டார். "தம்பி குடுத்தேன்னு சொன்னா குடுத்திருப்பாரு. எனக்குத்தான் மறந்துட்டு" என்றிருக்கிறார். பரண், டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை வரைக்கும் இரண்டு பேரும் தேடியிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் போனில் பேசியதும் தன் பிரமையோ என்று கேட்டிருக்கிறார். வீட்டில் பயந்துவிட்டார்கள். அடி வாங்கிய தலை. குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பின்னாளில் மூளை கலங்கும் என்று 1928-லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அலியின் நடுங்கும் கையை உலகமே பார்த்தது. இதைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுதியவன் நான். அண்ணாச்சி அதைப் படித்திருக்கிறார். மகன் கடன் வாங்கி அவருக்கு ஸ்கேன் எடுத்தான்.

ஒரு நாள் அவர் மனைவி ஸ்கேன் கவரோடு என் வீட்டு வாசலில் நின்றார். உட்காரவில்லை. "நீங்க அந்த ஆல்பத்த எந்த மாசம் கொண்டாந்து குடுத்தியன்னு சொன்னியன்னா டாக்டர்ட்ட சொல்லலாம். எதுல இருந்து மறதின்னு கேக்காரு" என்றார்.

அங்கேதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் நினைவு வந்ததையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கவரைக் கையில் இறுக்கிக்கொண்டு கேட்டார். "அப்போ அவுகளுக்கு ஒண்ணும் இல்ல?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் போனேன். மனைவி முன்பே சொல்லியிருந்தார். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அலி டிக்கெட்டும் போச்சா?" போச்சு என்றேன். "எந்திச்சுப் போங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை. அதன் பிறகு, இந்தக் கட்டுரைக்கு அனுமதி கேட்கப் போனபோதுதான் பேசினார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேர்வுக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் பார்த்த சான்றிதழ் பற்றிச் சாட்சி சொன்னேன். என் பெயரைப் பலகையிலிருந்து எடுக்கச் சொன்னேன். குழுவில் என்னைக் கேள்வி கேட்ட அதே மனிதர் சொன்ன பதில்: "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை ஆதாரமா எடுத்துக்க?" அவர் கேட்டது நியாயம். ஒரே சாட்சியாக இருந்தவன் நான். என் சொல்லை நானே செல்லாததாக்கிவிட்டேன். ஓய்வூதிய மனுவுக்கும் என் கையெழுத்து உதவாது. மகனின் ஸ்கேன் கடனை நான் அடைத்தேன். அது கடன், அவ்வளவுதான்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வடசென்னையில் கிளவுஸ் மாட்டியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், அந்தக் காலத் தமிழ்நாட்டு அணியோடு பயணம் போனவர்கள், நடுவர்களாக இருந்தவர்கள் யாரிடமாவது ஒரு குழுப்படம், ஒரு போட்டி முடிவுத் தாள், ஒரு பத்திரிகைத் துணுக்கு இருக்கலாம். வண்ணாரப்பேட்டை மளிகைக் கடையிலிருந்து வந்து இடது கையை முன்னே நீட்டிச் சண்டை போட்ட ஒல்லியான திருநெல்வேலிப் பையனை நினைவிருந்தால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் வருகிறேன். எதையும் வாங்கிக்கொண்டு போக மாட்டேன். உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண்முன்னே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.